பதினாறு கிலோ குழந்தைக்கு மூன்று விடைகள்

குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் சிஸ்டர்களே, பிரதர்களே, நரம்பு கிடைக்காத கையில் எங்கே தேடுவது, திமிறுகிற குழந்தையை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு இந்த வாரம் முழுக்கச் சொல்லித் தந்திருப்பார்கள். அதையே நானும் சொல்லி உங்கள் சாப்பாட்டு நேரத்தைத் தின்னப் போவதில்லை. நான் எழுத வந்தது கணக்கைப் பற்றி. முகம் சுளிக்காதீர்கள். கணக்கு வராததால்தான் நர்சிங் எடுத்தேன் என்று உங்களில் பாதிப் பேர் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். வந்து பார்த்தால் இங்கே ஷிப்ட் தொடங்கி முடிகிற வரை கணக்குத்தான்.

"இப்போதெல்லாம் பம்ப்பே கணக்குப் போட்டுவிடும் மேடம்" என்று முந்தாநாள் உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவரே நெளிந்துகொண்டிருப்பார். பம்ப் கணக்குப் போடாது தம்பி. மணிக்கு இத்தனை மில்லி என்று நீங்கள் எண்ணை அழுத்தினால் அந்த அளவு மருந்துநீரைக் குழந்தையின் உடம்புக்குள் அனுப்பும். அழுத்திய எண் சரியா, தப்பா என்று அதற்கு ஒரு கவலையும் கிடையாது. கவலைப்படுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் என் வீட்டுச் சண்டை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு கணக்கை அனுப்பியிருந்தார்கள். ஆறு கூட்டல் நான்கு பெருக்கல் ஐந்து, விடை என்ன? அவ்வளவுதான் கேள்வி. கீழ்க்கட்டளையில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் கடைக் கால்குலேட்டரில் தட்டிவிட்டு ஐம்பது என்றார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகள் போனில் தட்டிவிட்டு இருபத்தாறு என்றாள். அப்பாவும் மகளும் மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

இரண்டு பேரும் ஒரே பொத்தான்களை ஒரே வரிசையில்தான் அழுத்தினார்கள். கடைக் கால்குலேட்டர் அவசரக்காரன். வந்ததை வந்தபடியே முடித்துவிடும். ஆறும் நான்கும் பத்து, பத்தை ஐந்தால் பெருக்கினால் ஐம்பது. போன் பள்ளிக்கூடத்து விதியைப் படித்தது. பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் முடித்துவிட்டுத்தான் கூட்டல் கழித்தலுக்கு வரும். நான்கைந்து இருபது, அதோடு ஆறு, இருபத்தாறு. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்த விதியும் இதுதான்: அடைப்புக்குறிக்குள் இருப்பது முதலில், பிறகு பெருக்கல் வகுத்தல், கடைசியில் கூட்டல் கழித்தல். அதனால் அண்ணன் மகள் ஜெயித்தாள். அண்ணன் மட்டும் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடமாக இந்த மெஷினில்தான் கடை ஓடுகிறது, எது தப்பு என்று கேட்கிறார்.

நானும் அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். போனை நம்பினால் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதுவும் போதாது என்று எனக்குத் தெரியவந்தது அந்த வருடத் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம்.

தாம்பரத்தில் நம் இதே ஆஸ்பத்திரியில் அப்போது நான் நர்சிங் சூப்பர்வைசர். மழைக்காலம், டெங்கு சீசன், குழந்தைகள் வார்டில் ஒரு கட்டில் காலி இல்லை. இதில் பாதி ஸ்டாஃப் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். குழந்தைகள் வார்டில் ஆள் போதாமல் ஆண்கள் வார்டிலிருந்து புவனா என்ற சீனியர் சிஸ்டரை மாற்றிப் போட்டிருந்தேன். கெட்டிக்காரர், கை நடுங்காதவர். ஆனால் குழந்தைகளுக்கு எடைபார்த்து நீர் கணக்கிடும் வேலை அவருக்குப் பழக்கமில்லை, பெரியவர்களுக்கு அது வேண்டியிருக்காது. கூட இருந்தவர் ஸ்டீபன், அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்த பிரதர். கேட்ட கேள்விக்குப் பதில் வைத்திருப்பார், கேட்காததற்கும் வைத்திருப்பார்.

ஜன்னலோரக் கட்டிலில் ஹரிணி இருந்தாள். ஐந்து வயது நிரம்பாத குழந்தை, சேர்க்கும்போது எடை பதினாறு கிலோ. அவள் அம்மா செல்வி, கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து மேடவாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் விற்பவர். மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து கூடையைத் தொடவில்லை. கட்டிலை விட்டு எழுந்து சாப்பிடவும் போகமாட்டார்.

டெங்குவில் நம்மை ஏமாற்றும் நேரம் ஒன்று உண்டு. முதலில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போய்விடும். அப்போது நாம் நிறைய நீர் ஏற்றிக் குழந்தையைக் காப்பாற்றுவோம். பிறகு காய்ச்சல் இறங்கி, நாடி நன்றாக வந்து, ரத்தப் பரிசோதனை சரியாகும்போது, கசிந்து போன நீரெல்லாம் தானாகவே திரும்பி வரத் தொடங்கும். அந்த நேரத்திலும் பழைய வேகத்திலேயே நாம் ஏற்றிக்கொண்டிருந்தால் அது நுரையீரலில் போய் நிற்கும். நோய் விட்ட குழந்தையை நாமே மூழ்கடித்துவிடுவோம். எல்லோரும் "அப்பாடா" என்று உட்காரும் நேரத்தில்தான் இது நடக்கும்.

ஹரிணி அந்த இடத்துக்கு வந்திருந்தாள். நான் ரவுண்ட்ஸ் போனபோது இமைகள் லேசாக உப்பியிருந்தன. மூச்சும் கொஞ்சம் வேகம். பம்ப்பில் மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு மில்லி ஓடிக்கொண்டிருந்தது. மதியம் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் அப்போதுதான் வந்தது. புவனா குழந்தைகள் டாக்டருக்குப் போன் போட்டு ரிசல்ட்டைப் படித்தார்.

டாக்டர் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பி, பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் பெருங்களத்தூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஸ்பீக்கரில் அவர் குரலைவிட பஸ் ஹாரன்தான் அதிகம் கேட்டது.

"ரிசல்ட் நல்லா இருக்கு சிஸ்டர். இனிமே மெயின்டனன்ஸ் மட்டும் போதும். அட்மிஷன் வெயிட் போட்டுக்கோங்க. ஃபார்ட்டி ப்ளஸ் வெயிட் மைனஸ் டென் இன்ட்டு டூ. அதுக்கு மேல போகக்கூடாது, லங்ஸ்ல இறங்கிடும்."

போனில் வாங்கும் ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும் என்பது நம் வழக்கம். புவனா ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். "ஃபார்ட்டி ப்ளஸ் வெயிட் மைனஸ் டென் இன்ட்டு டூ, சார்."

"கரெக்ட்" என்றார் டாக்டர். அதோடு லைன் போய்விட்டது. நானும் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆர்டர் கொடுத்தவரும் சரியாகக் கொடுத்தார், வாங்கியவரும் சரியாக வாங்கினார் என்று அன்றைக்கு யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்போம்.

புவனா மேஜைமேல் இருந்த பெரிய கால்குலேட்டரில் தட்டினார். நாற்பது, கூட்டல் பதினாறு, கழித்தல் பத்து, பெருக்கல் இரண்டு. "தொண்ணூத்தி ரெண்டு" என்றபடி பம்ப்பை நோக்கி நடந்தார். நூற்றுப் பன்னிரண்டிலிருந்து தொண்ணூற்று இரண்டுக்கு இறக்குவது கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். படிப்படியாகக் குறைக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆபத்தான தப்புகள் இப்படித்தான் வரும். ஒன்பதாயிரம் என்று விடை வந்திருந்தால் புவனாவே சிரித்திருப்பார்.

இன்னொருவரும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் என்பதும் நம் வழக்கம். ஸ்டீபன் போனில் தட்டினார். "அக்கா, நில்லுங்க. எனக்கு முப்பத்தாறுதான் வருது."

"திரும்பப் போடு."

திரும்பப் போட்டார். முப்பத்தாறு. புவனாவும் திரும்பப் போட்டார். தொண்ணூற்று இரண்டு.

"உன் போன்ல ஏதோ கோளாறு" என்றார் புவனா. "இந்த கால்குலேட்டர் வருஷக்கணக்கா இங்க இருக்கு. ஒரு நாள் தப்பா காட்டினதில்ல."

"அக்கா, அது பெருக்கலை முதல்ல போடாது. போனுக்குத்தான் ரூல் தெரியும். டென் இன்ட்டு டூ இருபது. ஐம்பத்தாறுல இருபது போனா முப்பத்தாறு. இதுதான் கரெக்ட்."

வாட்ஸப் சண்டை அப்படியே வார்டுக்கு வந்து நின்றது. ஒரு கணம் நானும் ஸ்டீபன் பக்கம் சாய்ந்தேன் என்பது உண்மை. விதி அவர் பக்கம்தானே இருக்கிறது?

இதற்குள் செல்விக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னா சிஸ்டர், தண்ணிய கொறைக்கப் போறீங்களா? தண்ணி ஏத்துனாத்தான் புள்ள பொழைக்கும்னு முந்தாநேத்து நீங்கதான சொன்னீங்க? இப்ப புள்ள மூச்சு வாங்கிகினு கீது, இப்ப போயி கொறைக்கணும்ன்றீங்க. ஆளுக்கு ஒரு நம்பர் வேற சொல்லிகினு கீறீங்க. ஒரே பேஜாரா கீது எனுக்கு."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. என் குழந்தையாக இருந்தால் நான் இதைவிடச் சத்தமாகக் கேட்டிருப்பேன்.

டாக்டர் போன் கிடைக்கவில்லை. பெருங்களத்தூரில் இருந்த அத்தனை பேரும் அந்த நேரத்தில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். டியூட்டி டாக்டர் கீழே எமர்ஜென்சியில், ஜி.எஸ்.டி. ரோடு விபத்தில் வந்த ஒருவருக்கு மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடுவது நடக்காத காரியம். பம்ப்பில் நூற்றுப் பன்னிரண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஸ்டீபன் சமாதானத் தூதரானார். "மேடம், ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வெச்சுடலாமா? அறுபத்தி நாலு?"

"ஏம்பா, இது என்ன கத்தரிக்காய் பேரமா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதற்கு வருத்தமில்லை. இரண்டு விடைகள் சண்டை போடும்போது நடுவில் நிற்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டும் தப்பாக இருந்தால் அவற்றின் நடுவும் தப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

"ரெண்டு மெஷினையும் கீழ வைங்க" என்றேன். வைத்தார்கள். "மெயின்டனன்ஸ்னா என்ன? ஃபார்முலா வேணாம். வார்த்தையில சொல்லு."

ஸ்டீபன் படித்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னார். உடம்பு வழக்கமாக இழக்கும் நீரை மட்டும் ஈடுகட்டும் அளவு. மணிக்கு, முதல் பத்து கிலோ வரைக்கும் கிலோவுக்கு நான்கு மில்லி. அதற்கு மேல் இருபது கிலோ வரைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு மில்லி.

"சரி. பத்து கிலோ குழந்தைக்கு எவ்வளவு?"

"நாற்பது."

"இருபது கிலோ குழந்தைக்கு?"

"நாற்பது, அப்புறம் இன்னொரு இருபது. அறுபது."

"ஹரிணி எத்தனை கிலோ?"

"பதினாறு" என்று சொல்லும்போதே ஸ்டீபனுக்கு உறைத்துவிட்டது. பதினாறு கிலோ குழந்தைக்கு உரியது நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் எங்கோ இருந்தாகவேண்டும். தொண்ணூற்று இரண்டு என்றால் இருபது கிலோ குழந்தையைவிட இவளுக்கு அதிகம் போகும். முப்பத்தாறு என்றால் பத்து கிலோ குழந்தையைவிடக் குறைவாகப் போகும். மேஜைக் கால்குலேட்டரும் தப்பு, போனும் தப்பு. புவனா கையிலிருந்த பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என்ன கஷ்டம்? முதல் பத்து கிலோவுக்கு நாற்பது. மிச்சம் இருப்பது ஆறு கிலோ. ஆறிரண்டு பன்னிரண்டு. ஐம்பத்திரண்டு. நாற்பது, அறுபது என்ற வேலிக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது.

டாக்டர் மனதில் இருந்ததும் அதுதான். எடையிலிருந்து பத்தைக் கழி, அது ஒரு தனி மூட்டை. அந்த மூட்டையைத்தான் இரண்டால் பெருக்கவேண்டும். காகிதத்தில் எழுதியிருந்தால் எடையும் பத்தும் ஓர் அடைப்புக்குறிக்குள் சேர்ந்து நின்றிருக்கும், ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. போனில் சொல்லும்போது அந்தக் குறி எங்கே போனது? அவர் வாயிலேயே வரவில்லை. வராத ஒன்றைத்தான் புவனா ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். நம் வழக்கம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது, குழந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. போன் விதியை மிகச் சரியாகத்தான் பின்பற்றியது. எதை எதோடு சேர்க்கவேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"ஐம்பத்திரண்டு வை" என்றேன்.

புவனா தயங்கினார். "மேடம், டாக்டர் சொன்னது..."

"டாக்டர் எந்த நம்பரும் சொல்லல புவனா. மெயின்டனன்ஸ்னு சொன்னார், அதுக்கு மேல போகக்கூடாதுன்னு சொன்னார். நம்பர் சொன்னது கால்குலேட்டர். அது ஆர்டர் போட முடியாது. பொறுப்பு என்னுது, என் பேரை எழுது."

நர்ஸ் தானாக ஆர்டரை மாற்றலாமா என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்துவீர்கள். மாற்றக்கூடாது. நான் மாற்றவும் இல்லை. சொன்னவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது, அதை இரண்டு பேர் முன்னால் வார்த்தையில் சொல்லிச் சரிபார்த்தேன், பிறகு செய்தேன். சந்தேகம் துளி இருந்திருந்தாலும் பம்ப்பைத் தொட்டிருக்க மாட்டேன், கீழே ஓடிப்போய் டியூட்டி டாக்டரின் காதில் கத்தியிருப்பேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேலை.

செல்வி பம்ப்பின் முன்னால் வந்து நின்றுகொண்டார். கையை விரித்து மறித்தார் என்றே சொல்லவேண்டும்.

"பாதிக்குப் பாதி கொறைக்கிறீங்க. எம்புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா?"

அவரிடம் அடைப்புக்குறி பேசி என்ன பயன்? அவருக்குத் தெரிந்ததைப் பேசினேன். "செல்வி, முடிச்சூர் பக்கம் மீன் விக்கப் போயிருக்கியா? அங்க வெள்ளம் எப்ப ஏறும்?"

"மழ வுட்டதுக்கு அப்பால. ஏரித் தண்ணி வரும்."

"உன் பொண்ணு உடம்புல இப்ப மழை விட்டாச்சு. வெளிய போன தண்ணியெல்லாம் திரும்பி வந்துட்டிருக்கு. அந்த நேரத்துல நாமளும் மேல மேல ஊத்தினா எங்க போய் நிக்கும்? அதான் மூச்சு வாங்குது. கொறைச்சாத்தான் மூச்சு சீராகும்."

நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் நகர்ந்து வழிவிட்டார். புவனா ஐம்பத்திரண்டை அழுத்தினார், ஸ்டீபன் பார்த்து உரக்கப் படித்தார், நானும் படித்தேன்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. உங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். சரியான முடிவை எடுத்த மறுநிமிடம் மனசு வேலை செய்ய ஆரம்பிக்கும். ஆறிரண்டு பன்னிரண்டுதானா? எடை பதினாறுதானா? நான் ஒரு முறை போய் சேர்க்கைத் தாளில் எடையைப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு இன்னொரு முறையும் போய்ப் பார்த்தேன். தைரியசாலிக்குச் சந்தேகம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியே சின்னப் பையன்கள் இருட்டுவதற்குள்ளேயே வெடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஹரிணி தூக்கத்தில் துள்ளினாள், ஒவ்வொரு துள்ளலுக்கும் நாங்கள் மூவரும் துள்ளினோம்.

டாக்டர் போன் ஒருவழியாக வந்தது.

"எவ்வளவு வெச்சீங்க?"

"ஐம்பத்திரண்டு சார்."

"கரெக்ட். அதைத்தானே நான் சொன்னேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் நல்லவர், திறமைசாலி, என் வயதில் பாதி. அதனால் அடக்கிக்கொள்ளவில்லை.

"நீங்க சொல்லல சார். நீங்க சொன்னதை அப்படியே மெஷின்ல போட்டா ஒண்ணுல தொண்ணூத்தி ரெண்டு வருது, இன்னொண்ணுல முப்பத்தாறு வருது. ஐம்பத்திரண்டு எதுலயும் வரல. கழிச்சதை முதல்ல சேர்த்து வைக்கணும்ன்றது உங்க மனசுல இருந்துச்சு. எங்க காதுக்கு அது வந்து சேரல."

அவர் மனதிலேயே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். "தொண்ணூத்தி ரெண்டா?" என்று கேட்டார். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "ராத்திரி பூரா ஓடியிருந்தா..." என்று தொடங்கி முடிக்காமல் வைத்துவிட்டார்.

நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று புவனா பார்வையாலேயே கேட்டார். இல்லை என்று நானும் பார்வையாலேயே சொன்னேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, டாக்டரே வார்டுக்குள் வந்தார். சட்டையெல்லாம் கசங்கி, ஷூவில் சேறு. குடும்பத்தையும் காரையும் ஜி.எஸ்.டி. ரோட்டில் மச்சான் பொறுப்பில் விட்டுவிட்டு, பெருங்களத்தூரில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். நேராக ஹரிணியிடம் போய் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து, முதுகில் வைத்து, வெகுநேரம் கேட்டார். பிறகு புவனாவிடம் திரும்பி, "இனிமே நான் போன்ல ஃபார்முலா சொன்னா வாங்காதீங்க சிஸ்டர். நம்பர் கேளுங்க. நம்பர் தெரியலன்னா, தெரியலன்னு என்னைச் சொல்ல வைங்க" என்றார். ஒரு டாக்டர் நர்சிடம் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துபோனது.

அன்றைக்குப் பிறகு நம் வார்டில் போன் ஆர்டர் வாங்கும் முறை மாறியது. நீங்கள் இப்போது செய்வதும் அதுதான், ஆனால் ஏன் செய்கிறோம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்ன வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னால் போதாது. "எடையில் பத்தைக் கழிக்கிறேன், ஆறு. ஆறை இரண்டால் பெருக்குகிறேன், பன்னிரண்டு. அதோடு நாற்பது, ஐம்பத்திரண்டு" என்று வேலையையும் விடையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மெஷினைத் தொடுவதற்கு முன்னால், இந்த விடை எதற்குக் குறையக்கூடாது, எதைத் தாண்டக்கூடாது என்று இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொள்ளவேண்டும். உங்களுக்கு இது சலிப்பாக இருக்கும். எதிர்முனையில் இருப்பவருக்கும் சலிப்பாக இருக்கும். சலித்துக்கொள்ளட்டும், நீங்கள் சொல்லி முடியுங்கள்.

புவனாவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவர் கவனக்குறைவாக எதுவும் செய்யவில்லை. அன்றைக்கு அவர் இடத்தில் உங்களில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் தட்டியிருப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் இன்னும் கட்டிலருகில் நின்றுகொண்டிருந்தபோது ஹரிணி கண் திறந்தாள். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இத்தனை பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"ம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள்.

டெங்கு வார்டில் அதைவிட இனிமையான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. உள்ளே தேங்கிய நீர் தானே வெளியேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்டீபன் பெட்பேன் எடுக்க ஓடினார், புவனா அளவுக் குவளை எடுக்க ஓடினார், இருவரும் வாசலில் மோதிக்கொண்டார்கள். டாக்டர் மீன்காரம்மாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் என்ன வெட்கம்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இரண்டாவது முறையும் போனாள். மூச்சின் வேகம் தணிந்து, வயிறு மெதுவாக ஏறி இறங்கியது. செல்வி மகளின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்து பம்ப்பைக் காட்டினார்.

"சிஸ்டர், அதுல இன்னா நம்பர் வெச்சீங்களோ, அதுவே இருக்கட்டும். யார் வந்து சொன்னாலும் மாத்தாதீங்க."

"இல்ல செல்வி, இனிமே இதையும் கொறைக்கணும். காலையில சுத்தமா நிறுத்திடுவோம்."

அவர் பம்ப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொறைச்சுக்கோ சிஸ்டர்" என்றார். சொல்லிவிட்டு, அத்தனை நாளில் முதல் முறையாக, சாப்பிடுவதற்குக் கீழே போனார்.